நடு ஆசியப் புல்வெளியில் ஒரு பாட்டு: வேதியியற் பேராசிரியர் போரோதினின் வாழ்வு

1880ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 20ஆம் நாள். உருசியப் பேரரசின் அன்றைய தலைநகராகிய செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் இசையரங்கு. மேடையில் உருசிய இசைநாடக அரங்கின் இசைக்குழு அமர்ந்திருந்தது. கோல் பிடித்து நடத்தியவர் ரிம்ஸ்கி-கோர்சகோவ். அன்று முதன்முறையாக இசைக்கப்பட்ட உருப்படிகளுள் ஒன்று எட்டு மணித்துளிகூட நீளாதது. 'நடு ஆசியாவில்' என்பது அதன் பெயர். மேலைநாடுகளில் 'நடு ஆசியப் புல்வெளிகளில்' என்று வழங்குவதும் அதுவே.

தொடக்கத்தில் வயலின்கள் மிக உச்சத்தில் ஒரே சுரத்தை மெல்லென நீட்டி நிற்கின்றன. கண்ணுக்கு எட்டிய மட்டும் மேடுபள்ளமின்றிக் கிடக்கும் வெட்டவெளி அச்சுரத்திலேயே விரிந்துவிடுகிறது. அந்த வெளியில் கிளாரினெட் ஓர் உருசியப் பாடலை எடுக்கிறது. அதனைக் கொம்பு வாங்கிக்கொள்கிறது. பின்னர், தந்திகளை வில்லின்றி விரலாற் சுண்டும் ஒலி, ஒட்டகங்களும் குதிரைகளும் அடியெடுத்து வைப்பதுபோல் நெருங்கி வருகிறது. அதன்மேல் ஆங்கிலக் கொம்பு எனப் பெயர் பெற்ற துளைக்கருவி கீழ்த்திசைப் பாடலொன்றை நெளிந்து நெளிந்து இசைக்கிறது. வணிகக் கூட்டம் வருகிறது, கடக்கிறது, தொலைவில் மறைகிறது. இரு பாடல்களும் ஒன்றன்மேலொன்று பொருந்தி ஒருங்கே ஒலிக்கும் இடமொன்று உண்டு. இவ்வுருப்படியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இதனை இயற்றியவர் தொழில்முறை இசைவாணர் அல்லர். அந்நகரின் மருத்துவ-அறுவை உயர்கல்விக் கழகத்தில் வேதியியல் கற்பித்த பேராசிரியர். பெயர் அலெக்சாந்தர் போரோதின். கல்லூரி மலரொன்றில் இசைவாணர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று நம் பெரியோர் சிலர் வினவக்கூடும். இசை பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை யானும் அறிவேன். எனினும் இவர் ஓர் ஆசிரியர். மாணவர்க்காகத் தம் நேரத்தையெல்லாம் ஈந்தவர். அதற்கான விலையையும் கொடுத்தவர். அன்றியும் மேற்சொன்ன உருப்படி நம் உள்ளத்தைத் தொடும் மண்ணைப் பற்றியது. இக்காரணங்களால் இவரை இங்கு எழுதத் துணிந்தேன்.

போரோதின் 1833ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். தந்தை லூக்கா கெதியானவ், ஜார்ஜிய நாட்டு உயர்குடியினர். அறுபதைக் கடந்த முதியவர். தாய் அவ்தோத்யா அந்தோனவா, இருபத்தைந்து அகவை நங்கை. இருவரும் மணம் புரிந்தவர் அல்லர். அக்கால உருசியாவில் அத்தகு பிள்ளைக்குத் தந்தையின் பெயர் கிட்டாது. ஆகவே கெதியானவின் பண்ணையடிமையாகிய போர்ஃபிரி போரோதின் என்பவரின் மகனாகக் குழந்தை பதிவு செய்யப்பெற்றது. உலகமே அறிந்த அந்தப் பெயர் ஓர் அடிமையிடமிருந்து இரவலாகப் பெற்ற பெயர். சட்டத்தின் கண்ணுக்கு அச்சிறுவனும் தன் தந்தையின் உடைமையாகிய அடிமையே. தந்தை இறப்பதற்கு முன்னரே அவனுக்கு விடுதலை அளித்துவிட்டார். தாய்க்கு வீடொன்றையும் ஏற்படுத்தித் தந்தார். பெற்ற தாயைப் பிறர்முன் சிற்றன்னை என்று அழைத்தே அவன் வளர நேர்ந்தது.

பள்ளிக்கு அனுப்பாமல் தாய் வீட்டிலேயே ஆசிரியர்களை அமர்த்திக் கல்வி அளித்தார். ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகள் இளமையிலேயே கைவந்தன. ஒன்பது அகவையில் நடன இசையொன்றை இயற்றினான்; புல்லாங்குழலும் பியானோவும் செல்லோவும் பயின்றான். இதே காலத்தில் மற்றொரு பித்தும் பிடித்தது. வாணவெடி செய்வதில் தொடங்கிய ஆர்வம் முற்றி, அறையெங்கும் குப்பிகளும் குழாய்களும் நிறைந்தன. வேதியியலுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் அல்கீமியா என்னும் அரபுச் சொல்வழிச் சென்றதென்பதை நம் மாணவர் அறிவர். அந்தப் பித்து நம் முன்னோரிடமிருந்து போனதுதான் போலும்!

1850இல் மருத்துவ-அறுவை உயர்கல்விக் கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசான் நிக்கலாய் சீனின். நைட்ரோபென்சீனிலிருந்து அனிலினைப் பெறும் வழியை 1842இல் கண்டு புகழ்பெற்ற வேதியியலார் இவரே. மாணவரின் மதிநுட்பம் கண்டு தமக்குப்பின் அவரே அவ்விருக்கையில் அமரவேண்டுமென்று சீனின் கருதினார். அதனால் இசையில் அவர் பொழுதைச் செலவிடுவது கண்டு வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். இரண்டு முயல்களை ஒருசேரத் துரத்த எண்ணுகிறாயே என்பது அவர் வருத்தம். இறுதிவரை போரோதின் இரண்டையும் துரத்திக்கொண்டேதான் இருந்தார்.

1856இல் பட்டம் பெற்றுப் படைத்துறை மருத்துவமனையில் பணியேற்றார். அங்குப் பணியிலிருந்த பதினேழு அகவைப் படையலுவலர் ஒருவருடன் பழக்கம் ஏற்பட்டது. அவ்விளைஞர்தாம் பின்னாளில் பேரிசைவாணராகிய முசோர்க்ஸ்கி. அதே மருத்துவமனையில் நிகழ்ந்த வேறொன்றும் அவர் வரலாற்றில் கூறப்படுகிறது. கசையடி பட்டு முதுகு கிழிந்த பண்ணையடிமைகள் சிலரை மருத்துவத்திற்காகக் கொணர்ந்தனர். அவர்தம் முதுகிற் புதைந்திருந்த சிம்புகளைக் களையும் பணி இளம் மருத்துவர்க்கு வாய்த்தது. அப்பணியினிடையே அவர் மயங்கி விழுந்தார். ஒருமுறையன்று, மும்முறை. பிறப்புப் பதிவேட்டில் தாமும் அவர்களில் ஒருவராக எழுதப்பட்டவர் என்பதை நினைந்தால் அம்மயக்கத்தின் பொருள் நமக்கு விளங்கும். உருசியாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861இல்தான். மருத்துவத் தொழிலில் அவர் நிலைக்கவில்லை. 1858இல் ஆர்செனிக் அமிலத்திற்கும் பாஸ்பாரிக் அமிலத்திற்கும் உள்ள ஒப்புமை பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்று, வேதியியலுக்கே திரும்பினார்.

1859 முதல் 1862 வரை அரசுச் செலவில் வெளிநாட்டுப் படிப்பு. ஹைடல்பெர்க்கில் எர்லன்மேயரின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். தனிம அட்டவணை தந்த மெண்டலீவ் அங்கு அவருக்கு உற்ற நண்பர். 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய முதல் உலக வேதியியலார் மாநாட்டிற்கு இருவரும் சீனினுடன் சென்றனர். 1861இல் ஹைடல்பெர்க்கிற்கு நுரையீரல் நோய் தீர்க்கும் நோக்குடன் வந்திருந்த எக்கத்தரீனா புரோத்தபோப்பவா என்னும் பியானோக் கலைஞரைக் கண்டார். ஷோப்பான், ஷூமன் ஆகியோர்தம் இசையை அவர்வழியே அறிந்தார். நோய் முற்றியதால் அவர் இத்தாலியின் பீசா நகருக்குச் செல்ல, போரோதினும் பின்தொடர்ந்து அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் பணி தொடர்ந்தார். பென்சாயில் ஃபுளூரைடு என்னும் சேர்மத்தை முதன்முதல் உருவாக்கியது இக்காலத்தில்தான். 1863இல் இருவர்க்கும் திருமணம் நடந்தது.

தாயகம் திரும்பிய 1862இலேயே பலாகிரெவ் என்னும் இசையாசானைச் சந்தித்தார். முசோர்க்ஸ்கி, கூயி, ரிம்ஸ்கி-கோர்சகோவ் ஆகியோரோடு இவரையும் சேர்த்து ஐவர் குழு உருவாயிற்று. கூயி படைக் கோட்டைப் பொறியாளர். ரிம்ஸ்கி-கோர்சகோவ் கடற்படை அலுவலர். இசைக் கல்லூரி வாயிலை மிதியாத இவர்கள்தாம் உருசிய இசைக்கு உருசிய முகம் தந்தவர்கள் என்பது வியப்பன்றோ! ஆனால் போரோதினுக்கு 1864இல் பேராசிரியர் பதவி கிட்டிற்று. அதன்பின் இசைக்கு எஞ்சியவை விடுமுறை நாள்களும் காய்ச்சல் கண்ட நாள்களுமே. தாம் உடல்நலமின்றிக் கிடக்கும்போதுதான் இசை எழுத இயல்வதால் நண்பர்கள் தமக்கு நலம் வாழ்த்துவதில்லை, நோயையே வாழ்த்துகிறார்கள் என்று அவரே நகைச்சுவையாகச் சொல்லிக்கொள்வார்.

அவர் வீடு கழகக் கட்டடத்துள் ஆய்வுக்கூடத்தை ஒட்டியே இருந்தது. அவ்வீட்டின் நிலையை ரிம்ஸ்கி-கோர்சகோவ் தம் வாழ்க்கைக் குறிப்பில் விரிவாக வரைந்துள்ளார். உறவினரும் மாணவரும் வந்து தங்குவர். நோயுற்றவர்களும் அங்கேயே படுப்பர். உண்ணும் மேசைமேல் பூனைகள் உலவும். யாரேனும் ஓர் உறவினர் உறங்குகிறார் என்பதற்காக வீட்டுக்காரர் தம் பியானோவைத் தொடாமல் இருப்பார். இசை பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே திடுமென எழுந்து, அடுப்பிலிருந்த ஏதேனும் கருகிவிட்டதோ என்று ஆய்வுக்கூடத்திற்கு ஓடுவார். ஓடும்போதே தாழ்வாரமெல்லாம் எதிரொலிக்கப் பண்ணை முழக்கிச் செல்வார்.

ஆய்வுக்கூடத்தில் அவர் கண்டவை சிறியன அல்ல. கரிம அமிலங்களின் வெள்ளி உப்புகளின்மீது புரோமினைச் செலுத்தும் வினையை 1861இலேயே வெளியிட்டார். எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஹுன்ஸ்டீக்கர் இணையரின் பெயரால் அது பாடநூல்களில் ஏறியது. அவர் பெயரையும் சேர்த்து வழங்குவோர் உளர். ஆல்டிஹைடுகள் ஒன்றோடொன்று இணையும் ஆல்டால் வினையை 1872இல் அவரும் பிரான்சின் வூர்ட்சும் தனித்தனியே கண்டனர். பெருங்கூடமும் உதவியாளர் படையும் உடைய வூர்ட்சே முந்திக்கொண்டார். போரோதின் வழக்காடவில்லை. நம் வேதியியல் துறை மாணவர் ஆல்டால் வினையைத் தேர்வுக்கு எழுதும்போது, இந்த இசைவாணரையும் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

அவருடைய முதற் சிம்பொனி 1869ஆம் ஆண்டு ஜனவரியில் பலாகிரெவ் நடத்த அரங்கேறியது. ஐந்தாண்டுகள் எழுதிய நூல் அது. கேட்டோர் முதலில் தயங்கினும் பின்னர் ஆசிரியரை மேடைக்கு அழைத்துப் பாராட்டினர். அந்த ஊக்கத்தில் அதே ஆண்டில் இரண்டாம் சிம்பொனியைத் தொடங்கினார். ஸ்தாசவ் என்னும் அறிஞரின் தூண்டுதலால் 'இளவரசர் ஈகர்' என்னும் இசைநாடகத்தையும் கையிலெடுத்தார். சிம்பொனி முடிய ஏழாண்டுகளுக்குமேல் ஆயிற்று. இசைநாடகம் முடியவேயில்லை.

இரண்டாம் சிம்பொனியின் அரங்கேற்றம் 1877 மார்ச்சில் நிகழ்ந்தது. அதற்குச் சற்று முன்னர் முதற் பகுதிக்கும் இறுதிப் பகுதிக்கும் உரிய முழு இசைப்படிகளைத் தேடினால் காணவில்லை. வீட்டில் எங்கோ தொலைந்துபோயின! காலில் நோயுற்றுப் படுக்கையில் கிடந்த பேராசிரியர், பென்சிலைக் கையிற்கொண்டு அவ்விரு பகுதிகளுக்கும் கருவிவாரியாக மீண்டும் எழுதினார். நப்ராவ்னிக் நடத்திய அந்நிகழ்ச்சி தோல்வியுற்றது. பித்தளைக் குழற்கருவிகளுக்கு அவர் அளவுகடந்து வேலை கொடுத்திருந்தார். உலோகக் குழல்களில் விரைந்த சுரக்கோவைகளைத் தெளிவாக ஊத இயலாமையால் வேகமும் குன்றிற்று. போரோதின் மனமுடைந்து அதனை ஒதுக்கிவிடவில்லை. தோற்ற ஆய்வைத் திருத்திச் செய்யும் வேதியியலார் போல், ரிம்ஸ்கி-கோர்சகோவின் துணையுடன் அப்பகுதிகளை இலகுவாக்கினார். 1879இல் மீண்டும் இசைத்தபோது அது வென்றது. உருசியச் சிம்பொனிகளுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக இன்றளவும் எண்ணப்படுகிறது.

அதே 1879இல் 'ஈகர்' நாடகத்தின் பொலோவ்த்சிய நடனங்களை இசையரங்கில் அளிப்பதாக அறிவிப்பு வெளியாகிவிட்டது. நடனங்களோ கருவிகளுக்கு எழுதி முடிக்கப்படவில்லை. ரிம்ஸ்கி-கோர்சகோவ் கெஞ்சினார், கடிந்தும் பார்த்தார். இறுதியில் அவரும் லியாதவும் போரோதினின் வீட்டுக்கே சென்று மூவருமாய் அமர்ந்து இரவிரவாக எழுதினர். காலம் குறைவாதலின் மையை விடுத்துப் பென்சிலாலேயே எழுத வேண்டியதாயிற்று. எழுத்து அழியாதிருக்கப் பேராசிரியர் தம் துறை அறிவைப் பயன்படுத்தித் தாள்களின்மீது ஜெலட்டின் கரைசலைப் பூசினார். பூசிய தாள்கள் துவைத்த துணிபோல் அறைக்குள் கொடிகளில் தொங்கி உலர்ந்தன. இசையும் வேதியியலும் அவர் வாழ்வில் இத்துணை நெருங்கி நின்ற இடம் வேறில்லை எனலாம்.

இனி, தொடக்கத்திற் கூறிய 1880ஆம் ஆண்டு உருப்படிக்கு வருவோம். இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் ஆட்சிக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாட, அவருடைய ஆட்சியின் அருஞ்செயல்களை உயிருள்ள ஓவியக் காட்சிகளாக மேடையில் நிறுத்தத் திட்டமிட்டனர். ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் இசை. போரோதினுக்குக் கிடைத்தது நடு ஆசியா. அக்காட்சிகள் அரங்கேறவில்லை, இசை மட்டும் எஞ்சிற்று. இசைப்படியின் முகப்பில் ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. உருசியப் படைவீரரின் காவலில் அச்சமின்றி வணிகக் கூட்டமொன்று பாலைவெளியைக் கடந்து செல்கிறது என்பது அதன் கருத்து.

அந்த அருஞ்செயல்கள் யாவை? 1865இல் தாஷ்கந்து வீழ்ந்தது. 1868இல் சமர்கந்து வீழ்ந்தது. 1873இல் கீவா பணிந்தது. 1876இல் கோக்கந்து அரசே நிலப்படத்திலிருந்து நீக்கப்பெற்றது. இமாம் புகாரி அவர்கள் அடங்கியிருப்பது சமர்கந்துக்கு அருகில். உலுக் பேக் வானாய்வுக்கூடம் அமைத்து விண்மீன்களைக் கணக்கிட்டதும் அந்நகரிலேயே. இவ்வுருப்படி முதன்முதல் ஒலித்த ஓராண்டுக்குள், 1881 ஜனவரியில், கியோக் தெப்பே என்னும் துருக்மேனியக் கோட்டை தகர்க்கப்பட்டுப் பெண்டிரும் சிறாரும் உட்பட ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அச்சமின்றிச் சென்றதாகச் சொல்லப்பட்ட அந்த ஒட்டகக்காரரை யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

போரோதின் போர்வெறியர் அல்லர். ஆனால் ஆட்சியினர் கேட்டதை மறுக்கவும் இல்லை. அவர்மீது அன்புகொண்டு எழுதுவோர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர், அது நேர்மையன்று. இரு பாடல்களும் ஒன்றையொன்று விழுங்காமல் கூடி ஒலிக்கின்றன என்று இசையறிஞர் பாராட்டுவது மெய்யே. கீழ்த்திசைப் பாடலை அவர் எள்ளவில்லை. அதற்குத் தம் கலையின் மிக இனிய குரலை ஈந்திருக்கிறார். எனினும் முதலில் ஒலிப்பதும் உருசியப் பாடலே. வணிகக் கூட்டம் மறைந்த பின் புல்லாங்குழலில் தேய்ந்து எஞ்சி நிற்பதும் உருசியப் பாடலே. செவியுள்ளோர் இரண்டையும் கேட்டல் வேண்டும்.

'ஈகர்' நாடகத்தில் அவர் இதனினும் உயர்ந்து நிற்கிறார் என்பது என் கருத்து. 1185இல் துருக்கிய இனத்தவராகிய பொலோவ்த்சியர்மீது படையெடுத்துத் தோற்றுச் சிறைப்பட்ட உருசிய இளவரசரின் கதை அது. அந்நாடகத்தில் பெருந்தன்மை மிக்க மாந்தர் பகைவர் தலைவராகிய கொன்சாக் கானே. சிறைப்பட்டவனை விருந்தினனாகப் போற்றுகிறார். வாளும் குதிரையும் தர முன்வருகிறார். இனிப் போர் தொடுப்பதில்லை என்று உறுதியளித்தால் விடுதலையும் தருவதாகக் கூறுகிறார். இளவரசன் பொய்யுரைக்க மறுத்து, விடுதலை பெற்றால் மீண்டும் படை திரட்டுவேன் என்கிறான். அந்த வாய்மையைக் கான் மெச்சுகிறார். மன்னர்க்கு விழா எடுக்க எழுதியதற்கும் தம் உள்ளத்திற்காக எழுதியதற்கும் உள்ள தொலைவு இங்குத் தெரிகிறது.

இசைநாடகம் ஏன் முடியவில்லை? சோம்பலென்று சொல்ல இயலாது. 1872இல் பெண்களுக்கான மருத்துவப் படிப்பு அக்கழகத்தில் தொடங்கப்பெற்றது. ஐரோப்பாவின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. போரோதின் அப்படிப்புக்குத் தூணாக நின்றார். வேதியியல் கற்பித்தார், ஏழை மாணவியர்க்குப் பணம் திரட்டினார், அதற்கென இசை நிகழ்ச்சிகள் நடத்தினார், அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார். 1877-78 உருசிய-துருக்கிப் போரில் அம்மாணவியர் களத்தில் மருத்துவப் பணியாற்றிப் பெயர் பெற்றனர். ஆயினும் 1882இல் புதிய மாணவியரைச் சேர்க்கலாகாதென ஆணை வந்தது. இருப்பவர் படித்து முடிக்கும்வரை அவர் போராடினார். தம் கண்முன்னே அப்படிப்பு தேய்ந்தமை அவரை மிகவும் வருத்திற்று. மகளை மருத்துவம் படிக்க அனுப்புவதா என்று இன்றும் தயங்கும் பெற்றோர் நம் ஊர்களில் உளர். நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்திற்கு முன் இம்மனிதர் முடிக்காது விட்ட இசைநாடகத்தின் விலை என்னவென்று அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

வெளிநாட்டில் புகழ் தானாகவே வந்தது. 1877இல் தம் மாணவர் சிலரை ஜெர்மனியின் ஜேனா நகரிற் சேர்க்கச் சென்றவர், அருகிலுள்ள வைமாரில் வாழ்ந்த லிஸ்ட் என்னும் பேரிசைவாணரைக் கண்டார். முதுபெரும் கலைஞர் அவரைத் தழுவிக்கொண்டார். அவருடைய முயற்சியால் 1880இல் முதற் சிம்பொனி பாடன்-பாடனில் இசைக்கப்பெற்றது. 'நடு ஆசியாவில்' லிஸ்டுக்கே உரிமையாக்கப்பட்டது. 1881இல் மனைவிக்கு உரிமையாக்கி எழுதிய இரண்டாம் நால்வர் தந்தியிசை இன்றும் பலரால் விரும்பப்படுவது. 1885இல் வாந்திபேதி கண்டு பிழைத்தார், இதயம் தளர்ந்தது.

1887ஆம் ஆண்டு பிப்ரவரி 27. கழகத்துப் பேராசிரியர்களுக்கு மாறுவேட விருந்தொன்று நடந்தது. போரோதின் உருசிய நாட்டுப்புற உடையணிந்து மகிழ்வுடன் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே நின்ற நிலையிலேயே சாய்ந்தார். சுற்றி நின்றோர் அனைவரும் மருத்துவர். எவராலும் ஒன்றும் செய்ய இயலவில்லை. அகவை ஐம்பத்து மூன்று. நோயாளியாகிய மனைவி மாஸ்கோவில் இருந்தார்; அவரும் அவ்வாண்டிலேயே மறைந்தார்.

மறுநாளே ரிம்ஸ்கி-கோர்சகோவ் அவ்வீட்டிற்கு வந்து இசைப்படிகளைத் திரட்டினார். அவரும் இளைஞரான கிளாசுனவும் 'ஈகர்' நாடகத்தை நிரப்பி முடித்தனர். நாடகத்தின் முன்னிசையைப் போரோதின் தாளில் முழுதாக எழுதியதேயில்லை. பியானோவில் வாசித்துக் காட்டியதோடு சரி. அதனைப் பலமுறை கேட்டிருந்த கிளாசுனவ் நினைவிலிருந்தே எழுதினார். 1890 நவம்பரில் மரீன்ஸ்கி அரங்கில் நாடகம் மேடையேறிற்று. பின்னர் 1953இல் அமெரிக்க நாடகக்காரர்கள் அவர் பண்களை எடுத்துப் பாக்தாதைக் களமாகக் கொண்ட 'கிஸ்மத்' என்னும் இசைநாடகத்தை ஆக்கினர். அதற்காக 1954இல் டோனி விருது, மறைந்து அறுபத்தேழு ஆண்டுகளான போரோதினுக்கு அளிக்கப்பெற்றது. பொலோவ்த்சியக் கன்னியர் பாடிய பண்ணை உலகம் அதன்பின் வேறு சொற்களோடு முணுமுணுக்கத் தொடங்கியது.

அவர் உடல் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடத்து இடுகாட்டில் முசோர்க்ஸ்கியின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது. அங்கு எழுப்பிய நினைவுக்கல்லில் அவருடைய பண்கள் சுரக்குறிகளாகப் பதிக்கப்பட்டுள்ளன. அடக்க நாளில் வெள்ளித் தகடொன்றும் அவர்க்குச் சாத்தப்பட்டது. பெண்கள் மருத்துவப் படிப்பை நிறுவியவர், காத்தவர் என்று அவரைப் போற்றி அதனை அளித்தவர்கள், 1872 முதல் அங்குப் பயின்று வெளிவந்த பெண் மருத்துவர்கள்.